சேப்பாக்கம் 1999: தோத்த அன்னைக்கு எந்திரிச்சு நின்ன கூட்டம்

ஒத்தக்கடைல நாப்பத்தஞ்சு வயசத் தாண்டின யாரையாவது புடிச்சு, "சச்சின் முதுகு வலியோட ஆடுன மேட்ச்"னு மட்டும் சொல்லிப் பாருங்க. கையில இருக்குற டீ ஆறிப்போயிரும், பேச்சு நிக்காது. அந்த மங்கூஸ் பேட் இல்ல, இந்த ஐபிஎல் இல்ல, அப்ப கிரிக்கெட்டு கிரிக்கெட்டா இருந்துச்சுன்னு ஆரம்பிச்சு, கடைசியில குரல் கம்மி, "பதினேழு ரன்னுப்பா... வெறும் பதினேழு"ன்னு முடிப்பாங்க. தோத்துப்போன ஒரு ஆட்டத்த இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல இம்புட்டு ஆசையா சுமந்துகிட்டுத் திரியுற கூட்டத்த நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

1999 ஜனவரி 28ல இருந்து 31 வரைக்கும் சேப்பாக்கத்துல நடந்த இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் அது. எனக்கு அப்ப ரெண்டு வயசு. அதனால இது என்னோட கொசுவத்தி இல்ல மக்களே, அடுத்தவங்க கொசுவத்திய வாங்கி நான் சுத்துறேன். கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகம் இல்லாத நேரமாப் பாத்துப் படிங்க.

பொட்டி தட்டுற பொழப்புல ஒரு பழக்கம் ஒட்டிக்கிரும். யார் என்ன சொன்னாலும் "சரி, லாக் என்ன சொல்லுது?"ன்னு கேக்கத் தோணும். கிரிக்கெட்டுக்கு லாக் ஃபைல் ஸ்கோர்கார்டு. ஊர்ல கேட்ட கதைகள ஒரு பக்கமும் ஸ்கோர்கார்ட இன்னொரு பக்கமும் வச்சுப் பாத்ததுல தேறினதுதான் இந்தப் பதிவு.

*

மொதல்ல, இந்த ஆட்டம் சென்னைக்கு ஏன் வந்துச்சுங்குற கதை.

ரெண்டு நாடும் டெஸ்ட் ஆடி ஒம்பது வருசம் ஆகியிருந்துச்சு. கடைசியா ஆடுனது 1989ல பாகிஸ்தான்ல. பதினாறு வயசுப் பையனா சச்சின் கராச்சியில மொத மொதல்ல எறங்குனாரே, அதே தொடர். இந்திய மண்ணுலன்னு பாத்தா இன்னும் பின்னாடி போகணும், 1987. அந்தத் தொடரோட மொத டெஸ்ட்டும் சேப்பாக்கத்துலதான். இம்ரான் கான் 135 நாட் அவுட், நம்ம ஸ்ரீகாந்த் 123, ஆட்டம் டிரா. அதே தொடரோட கடைசி டெஸ்ட் பெங்களூருல. பந்து கன்னாபின்னான்னு திரும்புன ஆடுகளத்துல கவாஸ்கர் 96 எடுத்தும் இந்தியா 16 ரன்ல தோத்துச்சு. கவாஸ்கருக்கு அதான் கடைசி டெஸ்ட். இத மனசுல வச்சுக்கங்க, பின்னாடி இதே படம் வேற ஹீரோவோட ரீமேக் ஆகப் போகுது.

1991ல பாகிஸ்தான் வர இருந்தப்ப மும்பை வான்கடே ஆடுகளத்த சிவசேனாக்காரங்க தோண்டிப் போட்டாங்க. அந்தப் பயணமே ரத்தாச்சு. 1999 ஜனவரியில மறுபடியும் அதே வேலை, இந்த தடவை டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவுல. மொத டெஸ்ட் அங்கதான் நடக்க வேண்டியது. தோண்டுன ஆடுகளம் உடனே தேறாதுன்னு மொத டெஸ்ட்ட சென்னைக்கும், ரெண்டாவத டெல்லிக்குமா மாத்துனாங்க. நடுவுல மும்பையில கிரிக்கெட் வாரிய ஆபீஸ்லயும் புகுந்து அடிச்சு நொறுக்குனாங்க. மத்திய அரசு தலையிட்டு, போராட்டத்த நிறுத்தி வச்சதுக்கு அப்புறம்தான் தொடர் நடக்கும்னு உறுதியாச்சு.

ஆக, சேப்பாக்கத்துக்கு அந்த ஆட்டம் ஒரு விதத்துல தவறி வந்த விருந்து. வந்தவங்க கூடவே பயமும் வந்துச்சு. அரங்கத்தச் சுத்தி போலீஸ். பையத் தொறந்து, டிபன் பாக்ஸத் தொறந்து, தண்ணி பாட்டில பிடுங்கிட்டு உள்ள விட்டாங்களாம்.

எங்க ஊர் ஆளுங்க யாரு போனாங்க? நான் விசாரிச்ச வரைக்கும் மூணு பேர். ஒருத்தர் எனக்குப் பெரியப்பா முறை. அப்ப திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒண்ணுல தங்கி வேலை தேடிக்கிட்டு இருந்தார். மேன்ஷன்ல இருந்து மைதானம் நடக்குற தூரம். எட்டுக்குப் பத்து ரூம்ல நாலு பேர் தங்கி இன்டர்வியூவுக்கு ஒரே சட்டைய மாத்தி மாத்திப் போட்ட காலம் அது. யாரோ ஒருத்தரோட சீசன் டிக்கெட்ட ஒரு நாளைக்குக் கடன் வாங்கிட்டு நாலாவது நாள் மட்டும் போயிருக்கார். மத்த ரெண்டு பேரும் கல்லூரிப் பசங்க, கூட்டாளிங்க. சனிக்கிழமை சாயந்தரம் மேலூர் ரோட்டுல நின்னு, திருவள்ளுவர் பஸ்ஸ மறிச்சு ஏறிப் போனவங்க. (1997லயே பேரு மாறிருச்சு, ஆனா எங்க ஊர்ல அது என்னைக்கும் திருவள்ளுவர் பஸ்தான்.) வீட்டுல சொன்னது, சென்னையில ஒரு பரீட்சைன்னு. பொய்யின்னும் சொல்ல முடியாது, அன்னைக்கு நடந்தது பரீட்சைதான் :-)

*

மொத மூணு நாள் கதைய வேகமா சொல்லிர்றேன்.

பாகிஸ்தான் டாஸ் ஜெயிச்சு மொத பேட்டிங். 238க்கு ஆல் அவுட். கும்ப்ளே 70 ரன்னுக்கு 6 விக்கெட். மோயின் கான் 60, யூசுப் யோஹானா (பின்னாள்ல முகமது யூசுப்) 53. இந்தியா 254. சென்னைப் பையன் சடகோபன் ரமேஷுக்கு இதான் மொத டெஸ்ட், அதுவும் சொந்த ஊர்ல, 43 அடிச்சார். திராவிட் 53, கங்குலி 54. சச்சின்? சக்லைன் முஷ்டாக்கோட பந்துல ஏறி அடிக்கப்போய் சைபர். சக்லைனுக்கு 5 விக்கெட்.

16 ரன் பின்தங்குன பாகிஸ்தானுக்கு ரெண்டாவது இன்னிங்ஸ்ல ஷாகித் அஃப்ரிதி எறங்கி 141. அவருக்கு அது ரெண்டாவது டெஸ்ட்தான். ஒன் டே மட்டும் ஆடத் தெரிஞ்ச பையன்னு எல்லாரும் நெனச்ச ஆளு. 275க்கு 4ன்னு நிக்கிறாங்க, ஆட்டம் கைய விட்டுப் போச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்ட நேரத்துல வெங்கடேஷ் பிரசாத் வந்தார். 18 பந்து, ஒரு ரன் கூடக் குடுக்காம 5 விக்கெட். 286க்கு ஆல் அவுட். பிரசாத் கணக்கு மொத்தமா 33 ரன்னுக்கு 6. எங்க ஊர்ல பிரசாத்தப் பத்திப் பேசுனா எல்லாரும் 1996 பெங்களூரு, ஆமிர் சோஹைல், ஸ்டம்பு பறந்ததுன்னுதான் சொல்வாங்க. அவரோட அசல் சாதனை இந்த 18 பந்துதான்னு நான் சொல்வேன். ஆனா தோத்த ஆட்டத்துல எடுத்த விக்கெட்டுக்கு யாரு போஸ்டர் ஒட்டுறா?

இந்தியாவுக்கு இலக்கு 271. வக்கார் யூனிஸ் வந்து ரமேஷையும் லட்சுமணையும் தூக்கிட்டார். ஸ்கோர் 6க்கு 2. மூணாவது நாள் முடிவுல 40க்கு 2. சச்சினும் திராவிடும் நிக்கிறாங்க. இன்னும் 231 வேணும்.

*

நாலாவது நாள், ஜனவரி 31, ஞாயித்துக்கெழமை. இது முக்கியம். வேலை நாளா இருந்திருந்தா இந்த ஆட்டத்துக்கு ஊர்ல இம்புட்டு சாட்சி இருந்திருக்காது. அன்னைக்கு எல்லாரும் வீட்டுல. ஒத்தக்கடைல டிவி இருந்த வீட்டுத் திண்ணையெல்லாம் செருப்பாக் கெடந்துச்சாம். கறிக்கடையில கூட்டம் வெள்ளனவே முடிஞ்சிருச்சு. யானைமலை நெழல் ரோட்டு மேல இருந்து பின்வாங்குறதுக்குள்ள தெரு காலி.

டிவி இல்லாதவங்களுக்கு ரேடியோ. தமிழ் கிரிக்கெட் வர்ணனைன்னு சொன்னா அப்துல் ஜப்பார் பேர விட்டுட்டுப் பேச முடியாது. சென்னையில ஆட்டம்னா வானொலியில அந்தக் குரல் வரும், பந்து எங்கிட்டுப் போகுதுன்னு கண்ணுல தெரியும். அவர் 2020 டிசம்பர்ல காலமானப்ப எங்க ஊர்ல கிரிக்கெட்டே பாக்காத பாட்டி ஒருத்தங்க, "அந்த நல்ல தமிழ் பேசுறவரா?"ன்னு கேட்டாங்க. ஒரு வர்ணனையாளருக்கு அதுக்கு மேல என்ன வேணும்?

காலையில ஆட்டம் ஆரம்பிச்சதும் எல்லாம் கவுந்துச்சு. வாசிம் அக்ரம் போட்ட ஒரு பந்து திராவிட் ஸ்டம்ப சாச்சிருச்சு. அந்தப் பந்த இன்னைக்கும் வீடியோவுல பாத்துட்டு "இதுக்கு என்னதான் பண்ண முடியும்"னு சொல்றாங்க. அசாருதீன் சக்லைன் பந்துல எல்பிடபிள்யூ, 7 ரன். கங்குலி 2 ரன்ல கேட்ச். பந்து தரையில பட்டுச்சா, படலையாங்குற பஞ்சாயத்து ஒத்தக்கடை டீக்கடைல இன்னும் தீர்ப்பு வராம நிலுவையில இருக்கு. இத்தனைக்கும் ஹைகோர்ட் கிளை பக்கத்துலயேதான் இருக்கு.

82க்கு 5. பாதிப்பேர் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிட்டாங்களாம்.

அப்பறம்தான் சச்சினும் நயன் மோங்கியாவும். விக்கெட் கீப்பர் மோங்கியாவ நம்பி யாரும் மூச்சப் புடிச்சுக்கிட்டு உக்காரல. ஆனா அந்த ஆளு நின்னார். ரெண்டு பேரும் சேர்ந்து 136 ரன். இன்னொரு பக்கம் சச்சினுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு ஷாட்டுக்கு அப்புறமும் முகம் கோணுறது டிவியில தெரிஞ்சிருக்கு. வெயில், கடற்கரை ஊரோட பிசுபிசுப்பு, எதிர்ல வாசிம், வக்கார், சக்லைன்.

சக்லைன் அப்ப கையில வச்சிருந்த ஆயுதம் தூஸ்ரா. ஆஃப் ஸ்பின் போடுற மாதிரியே கைய சுத்தி, பந்து மட்டும் எதிர்த்திசையில திரும்பும். அந்தப் பந்த சர்வதேச ஆட்டத்துக்குக் கொண்டு வந்து பரப்புனவரே அவர்தான். சேப்பாக்கம் மாதிரி கடைசி நாட்கள்ல திரும்புற ஆடுகளத்துல அத எதிர்கொள்ளுறது, கரண்ட் போன வீட்டுல மாடிப்படி எறங்குற மாதிரி.

ஸ்கோர் ஏறிக்கிட்டே போக, எந்திரிச்சுப் போன ஆளுங்க ஒவ்வொருத்தரா திரும்பி வந்தாங்க. பெரியப்பா சொன்னது: மைதானத்துலயும் அதே கதைதான். வெளிய டீ குடிக்கப் போனவங்க ஓடி வந்து, எடம் கெடைக்காம படிக்கட்டுல உக்காந்தாங்க. அப்ப இருந்த பழைய சேப்பாக்கத்துல (2011 உலகக் கோப்பைக்கு முன்னாடி இடிச்சுக் கட்டுனதுக்கு முந்தின கதை) தூண் மறைக்கும், கடல்காத்து உள்ள வராது, உக்காந்தா வேர்வையில சட்டை ஒட்டிக்கிரும். யாருக்கும் அது ஒரு பொருட்டா இல்ல. இருக்குற எடத்தவிட்டு நகந்தா விக்கெட் போயிரும்னு சாப்புடக்கூட எந்திரிக்கல. பக்கத்துல இருந்த குடும்பம் வாழையில பொட்டலத்தப் பிரிச்சு ஆளுக்கு ஒரு கை புளியோதரை குடுத்துச்சாம். அந்தப் புளியோதரை ருசிய இன்னைக்கு வரைக்கும் சொல்வார்.

218ல மோங்கியா 52 ரன் எடுத்து, வாசிம் பந்த தூக்கி அடிச்சு வக்கார் கையில கேட்ச். இன்னும் 53 வேணும், சச்சின் இருக்கார். முதுகு இனிமே ரொம்ப நேரம் தாங்காதுன்னு தெரிஞ்சு அடிக்க ஆரம்பிச்சார். 254. இன்னும் பதினேழே ரன். சக்லைன் பந்த மறுபடியும் தூக்கி அடிக்கப் போனார். சரியா மாட்டல. மேல போன பந்து எறங்குன எடத்துல வாசிம் அக்ரம் நின்னுக்கிட்டிருந்தார். 273 பந்து, 18 ஃபோர், 136 ரன்.

அதுக்கப்பறம் கும்ப்ளே, ஜோஷி, ஸ்ரீநாத். மூணு விக்கெட்டுக்கு நாலே நாலு ரன். 258 ஆல் அவுட். 12 ரன்ல பாகிஸ்தான் ஜெயிச்சுருச்சு. சக்லைனுக்கு ரெண்டாவது இன்னிங்ஸ்லயும் 5, மொத்தம் 10 விக்கெட். ஆட்ட நாயகன் சச்சின். பரிசு வாங்க அவர் வெளிய வரல. டிரஸ்ஸிங் ரூம்ல அழுதுகிட்டு இருந்தார்.

*

இப்ப கதையோட அசல் எடம்.

கடைசி விக்கெட் விழுந்ததும் மைதானத்துல சத்தமே இல்ல. போனவங்க மூணு பேரும் தனித்தனியா கேட்டப்பயும் இத ஒரே மாதிரி சொன்னாங்க. பாகிஸ்தான் வீரர்கள் கட்டிப்புடிச்சுக் கத்துறது கேலரி வரைக்கும் கேட்டுச்சாம். அம்புட்டு அமைதி.

அப்பறம் கைதட்டல். எங்கயோ ஒரு மூலையில ஆரம்பிச்சுது. கொஞ்சம் கொஞ்சமாப் பரவி, மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னு தட்டுச்சு. வாசிம் அக்ரமும் அவரோட ஆளுங்களும் மைதானத்த முழுசா ஒரு சுத்து சுத்தி வந்தாங்க. இந்தியாவுல, இந்தியாவ தோக்கடிச்ச அன்னைக்கு, பாகிஸ்தான் அணி வெற்றி வலம் வருது. ஆடுகளத்தத் தோண்டுற செய்தி வந்து ஒரு மாசம் கூட ஆகல. வாசிம் அதுக்கப்பறம் எத்தனையோ பேட்டியில இந்த நிமிஷத்தப் பத்திச் சொல்லியிருக்கார்.

நான் மூணு பேர்கிட்டயும் ஒரு கேள்வி கேட்டேன்: "மொதல்ல யாரு எந்திரிச்சா?"

யாருக்கும் தெரியல. "பக்கத்துல இருந்தவர் எந்திரிச்சார், நானும் எந்திரிச்சேன்" - இதான் மூணு பேரோட பதிலும். "நான்தான் மொதல்ல எந்திரிச்சேன்"னு ஒருத்தரும் சொல்லல. நம்ம ஊர்ல எந்தக் கதையிலயும் ஹீரோ சொல்றவர்தான். இதுல மட்டும் எல்லாரும் ரெண்டாவது ஆளா இருக்காங்க. அதனாலயே இத நம்பலாம்னு எனக்குத் தோணுது.

*

லாக் ஃபைல் என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம். ஊர்க்கதைல கொஞ்சம் பக் இருக்கு.

ஒண்ணு. "அஞ்சாவது நாள் சாயந்தரம்"னு நெறைய பேர் சொல்றாங்க. இல்ல, ஆட்டம் நாலு நாள்ல முடிஞ்சிருச்சு. இம்புட்டு பெரிய துக்கம் அஞ்சாவது நாளாத்தான் இருக்கணும்னு மனசே ஒரு நாளச் சேத்துக்கிச்சு.

ரெண்டு. "கடைசியா பிரசாத் அவுட் ஆனான்"ங்குறாங்க. பாவம் பிரசாத், ரன் எடுக்காம நாட் அவுட்டா அந்தப் பக்கம் நின்னார். கடைசி விக்கெட் ஸ்ரீநாத், சக்லைன் பந்துல போல்டு.

மூணு. 136ங்குறது சச்சினோட ஸ்கோர்; சச்சினும் மோங்கியாவும் சேர்ந்து எடுத்ததும் 136. ரெண்டும் ஒரே எண்ணா இருக்கவும் மோங்கியா காணாமப் போயிட்டார். கதையில சச்சின் ஒத்த ஆளா ஆடுறார். 52 ரன் எடுத்த மோங்கியாவுக்கு ஊர்ல ஒரு வரி கூட இல்ல.

நாலு. இதான் பெரிய பக். டிவியில பாத்தவங்கள்ல பாதிப்பேர் "சச்சின் அவுட்டானதும் டிவிய அமத்திட்டோம்"னு சொல்றாங்க. அடுத்த மூச்சுலயே, "ஜனம் எந்திரிச்சுக் கைதட்டுனத பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி"ன்னும் சொல்றாங்க. அமத்துன டிவியில எப்படித் தெரிஞ்சுச்சு? மறுநாள் பேப்பர்ல படிச்சதும், பின்னாடி வீடியோவுல பாத்ததும் அன்னைக்கே பாத்த மாதிரி ஒட்டிக்கிச்சு. பொய் சொல்லல. அந்தக் காட்சிய பாத்திருக்கணும்னு அவங்களுக்கு ஆசை. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. நம்ம ஆளுங்க ஒரு பொய்யான ஞாபகத்த சேத்துக்கிறதா இருந்தா, ஜெயிச்ச மாதிரி சேத்துக்கலாமே? கைதட்டுன மாதிரிதான் சேத்துக்கிறாங்க.

*

சரி, ஏன் தட்டுனாங்க?

வழக்கமான பதில்: "சென்னை ரசிகர்களுக்கு கிரிக்கெட் அறிவு ஜாஸ்தி." இத கேட்டு நாமளும் காலரத் தூக்கி விட்டுக்குவோம். ஓரளவுக்கு ஆதாரமும் இருக்கு. 1997 மே மாசம் இதே சேப்பாக்கத்துல சயீத் அன்வர் இந்தியாவ அடிச்சு 194 எடுத்தார், அப்ப அது ஒன் டேல உலக சாதனை. அன்னைக்கும் கூட்டம் எந்திரிச்சு நின்னு தட்டுச்சு. 1986ல ஆஸ்திரேலியா கூட 'டை' ஆன டெஸ்ட், டீன் ஜோன்ஸ் வெயில்ல வாந்தி எடுத்துக்கிட்டே 210 அடிச்சது, எல்லாம் பாத்த கேலரி இது. சென்னை லீக் ஆட்டங்கள வெயில்ல உக்காந்து பாக்குற பெருசுங்க இருக்குற ஊரு. நல்ல ஆட்டத்த அடையாளம் தெரியும்.

ரெண்டாவது காரணம், பிரிவினை. பஞ்சாப் மாதிரி, வங்காளம் மாதிரி வீடு வாசல விட்டுட்டு ஓடி வந்த கதை நம்ம வீடுகள்ல இல்ல. நமக்கு பாகிஸ்தான்னா பேப்பர்ல படிச்ச தூரத்து விஷயம். தூரத்துல இருக்குறவனுக்குப் பெருந்தன்மை கொஞ்சம் சுலபம். இத ஒத்துக்கணும்.

மூணாவது, டெல்லியில தோண்டுனதும் மும்பையில ஒடச்சதும். "நம்ம வீட்டுக்கு வந்தவங்கள நாம அப்படி நடத்த மாட்டோம்"ங்குற வீம்பு. மதுரைக்காரனுக்கு இது நல்லாப் புரியும். சண்டைன்னா சண்டை, ஆனா வாசல்ல வந்து நின்னவனுக்கு மொதல்ல தண்ணி.

ஆனா "எங்க மண்ணு அப்படி"ன்னு நிறுத்திட்டா அது மொக்கை. பத்தொன்பதாவது, இருபதாவது நாள்ல கொல்கத்தாவுல என்ன ஆச்சு? பிப்ரவரி மாசம் ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப், ஈடன் கார்டன்ஸ். ஷோயப் அக்தர் மேல மோதி சச்சின் ரன் அவுட். கூட்டம் கலாட்டா பண்ணி, கடைசியில போலீஸ் எல்லாரையும் வெளியேத்தி, காலி மைதானத்துல பாகிஸ்தான் ஜெயிச்சுது. கொல்கத்தாக்காரங்களுக்குக் கிரிக்கெட் தெரியாதுன்னு யாராச்சும் சொல்ல முடியுமா?

சேப்பாக்கமும் எப்பயும் புண்ணியஸ்தலம் இல்ல. 2018 ஏப்ரல்ல காவிரிப் பிரச்சினை உச்சத்துல இருந்தப்ப அதே கேலரியில இருந்து வீரர்கள் மேல செருப்பு பறந்துச்சு, சென்னை அணியோட மிச்ச ஆட்டமெல்லாம் புனேவுக்குப் போச்சு. கோவம் நியாயமா இல்லையாங்குறது வேற பதிவு. நான் சொல்ல வர்றது, அதே ஊரு, அதே கேலரி, ஒரு நாள் கைதட்டும், ஒரு நாள் செருப்பு எறியும். மண்ணுல ஒண்ணும் இல்ல. அந்த நிமிஷத்துல பக்கத்துல இருக்குறவன் எந்திரிக்கிறானா, செருப்பக் கழட்டுறானாங்குறதுல இருக்கு.

*

இன்னொருத்தர் ஞாபகத்தையும் சொல்லணும். அவர் மைதானத்துக்குப் போகல. எங்க ரோட்டுல சைக்கிள் கடை வச்சிருந்த பாய்.

1999 ஜனவரின்னா, கோயம்புத்தூர் குண்டுவெடிப்பு நடந்து ஒரு வருசம் கூட ஆகல. 1998 பிப்ரவரி 14. அதுக்கு முந்தின நவம்பர்ல அங்க நடந்த கலவரம், துப்பாக்கிச் சூடு. தமிழ்நாடு முழுக்க முஸ்லிம்கள் பஸ்ஸுல ஏறுனா கூட ஒரு மாதிரி பாத்த காலம். அப்ப இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம்னா பாய் தன்னோட கடை ரேடியோவ வைக்க மாட்டாராம். வச்சா, "யாருக்காக கேக்குறீங்க பாய்?"னு யாராச்சும் சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. சிரிச்சுக்கிட்டேதான். அதான் வலி. கும்ப்ளே விக்கெட் எடுத்தா மத்தவங்கள விட ரெண்டு மடங்கு சத்தமா இவர் கைதட்டணும். அஃப்ரிதி 141 அடிச்ச அன்னைக்கு, ஆட்டம் எப்புடின்னு கேட்டவங்ககிட்ட "நான் பாக்கல"ன்னு சொல்லியிருக்கார். பாத்திருந்தார்.

திங்கக்கெழமை காலையில பேப்பர் வந்துச்சு. சேப்பாக்கம் எந்திரிச்சு நின்ன செய்தி. அன்னைக்கு டீக்கடைல எல்லாரும் அதப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டு இருந்தப்ப, பாய் மெதுவா "அந்த அஃப்ரிதிப் பய நல்லாத்தான் ஆடுனான்ல"ன்னு சொன்னாராம். யாரும் திரும்பிப் பாக்கல, சிரிக்கல. "ஆமா பாய், என்னா அடி"ன்னு ஒருத்தர் பதில் சொல்லிட்டு டீயக் குடிச்சார். அவ்வளவுதான். "நான் அன்னைக்குத்தான் தம்பி கிரிக்கெட்ட கிரிக்கெட்டாப் பேசுனேன்"னு என்கிட்ட சொன்னார்.

நானூத்தம்பது கிலோமீட்டருக்கு அங்கிட்டு, பேர் தெரியாத யாரோ ஒருத்தர் மொதல்ல எந்திரிச்சு நின்னதால, இங்க யானைமலை அடிவாரத்துல ஒரு மனுசனுக்கு ஒரு வாக்கியம் பேச முடிஞ்சுது. இந்த ஆட்டத்தப் பத்தி எழுதணும்னு எனக்குத் தோணுனதே இதக் கேட்ட அன்னைக்குத்தான்.

*

அதுக்கப்பறம் நடந்தது உங்களுக்கே தெரியும். அடுத்த வாரமே டெல்லியில, தோண்டி மூடுன அதே கோட்லாவுல கும்ப்ளே ஒரே இன்னிங்ஸ்ல பத்து விக்கெட்டும் எடுத்தார், 74 ரன்னுக்கு. அதே பிப்ரவரியில வாஜ்பாய் பஸ்ல லாகூர் போனார். மே மாசம் கார்கில். கைதட்டுனவங்கள "ஏமாளிங்க"ன்னு திட்டுறதுக்கு அப்ப நெறைய பேர் வந்தாங்க. கைதட்டுனது ஒரு சமாதான ஒப்பந்தம் இல்லையே. பதினோரு பேர் நல்லா ஆடுனாங்க, அதுக்குத் தட்டுனாங்க. அதுக்கு மேல அந்தக் கைதட்டல் மேல பாரத்த ஏத்துறதும் தப்பு, அதுக்குக் கீழ எறக்குறதும் தப்பு.

சச்சின் கணக்கு மட்டும் 2008 டிசம்பர்ல தீந்துச்சு. மும்பைத் தாக்குதல் நடந்து மூணு வாரத்துக்குள்ள, இங்கிலாந்துக்கு எதிரா, அதே சேப்பாக்கம், நாலாவது இன்னிங்ஸ், இலக்கு 387. சச்சின் 103 நாட் அவுட். ஜெயிக்குற ஃபோரும் அவரே அடிச்சார். பெரியப்பா அன்னைக்கு மொத தடவையா டிவிய அமத்தாம கடைசி வரைக்கும் பாத்ததா சொல்றார். (அவர் 1999ல மைதானத்துல இருந்தார், அவருக்கு அமத்த டிவியே இல்லன்னு நான் சொல்லல. பெரியவங்க இல்லையா.)

இந்தியாவும் பாகிஸ்தானும் 2007 டிசம்பருக்கு அப்பறம் ஒரு டெஸ்ட் கூட ஆடல. 2025 செப்டம்பர்ல துபாய்ல ஆசியக் கோப்பை ஆட்டம் முடிஞ்சதும் ரெண்டு அணியும் கை கூட குலுக்காமப் பிரிஞ்சாங்க. அதுக்கு முன்னாடி ஏப்ரல்ல பகல்காம்ல நடந்தத மறந்துட்டுப் பேசவும் முடியாது. என் வயசு ஆளுங்களுக்கு, ஜெயிச்ச பாகிஸ்தான் அணி இந்திய மைதானத்துல ஒரு சுத்து ஓடுறதும், கூட்டம் எந்திரிச்சு நிக்கிறதும் ஏதோ விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கு. நடந்துச்சு மக்களே. ஸ்கோர்கார்டு இருக்கு, வீடியோ இருக்கு, சட்டை வேர்வையில ஒட்டிக்கிட்டு நின்ன மனுசங்க இன்னும் இருக்காங்க.

இதப் படிக்கிறவங்கள்ல யாராச்சும் அன்னைக்கு சேப்பாக்கத்துல இருந்தீங்கன்னா, எந்த ஸ்டாண்டு, பக்கத்துல யாரு, மொதல்ல யாரு எந்திரிச்சதப் பாத்தீங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. சச்சின் ஷாட்ட பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு அந்த மொத ஆளப் பத்தித்தான் தெரியணும்.

டிஸ்கி: கங்குலி கேட்ச் பத்தின சண்டைய தயவுசெஞ்சு இங்க போடாதீங்க. அதுக்குன்னு எங்க ஊர்ல தனி டீக்கடை இருக்கு.